பனிமூட்டமா, பணிமூட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் தலைகுந்தாவிலும் காந்தளிலும் உறைபனியில் புல்வெளி வெளுக்கத் தொடங்கியதும், வாகன ஓட்டிகளை எச்சரிக்கும் அட்டைகளும் வாட்ஸ்அப் செய்திகளும் கிளம்பிவிடும். அவற்றில் எங்காவது ஒரு 'பணிமூட்டம்' இருக்கும். மலைச்சரிவில் 'இரண்டாம் கியரில் இரங்கவும்' என்று எழுதினால், இறங்கச் சொல்வதற்குப் பதிலாக மனம் இரங்கச் சொன்னதாக ஆகிறது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் அதுவும் பொருத்தம்தான். விடுதி வாசலில் 'அரை வாடகைக்கு' என்று இருந்தால், பாதி வாடகையா என்று கேட்கத் தோன்றாதா?

எழுதுபவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. பேச்சில் ன, ண, ந மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. ர, ற வேறுபாடும் பலர் வாயில் மறைந்துவிட்டது. போதாததற்கு, வீட்டில் படுகும் மலையாளமும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைந்த மாவட்டம் இது. காதை நம்பி எழுதினால் கை தவறத்தான் செய்யும். கைப்பேசியும் உதவுவதில்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது பனி, பணி இரண்டும் வரிசையில் வருகின்றன. அவசரத்தில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறோம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கோடிட்டுக் காட்டாது.

ஆனால் பிழைகள் நூறு இடங்களில் இல்லை. திரும்பத் திரும்பச் சில இடங்களில்தான் வருகின்றன.

மிக எளிதானது ற், ட். இந்த இரண்டு புள்ளி எழுத்துகளுக்கு அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது. ஆகவே அதற்க்கு, முயற்ச்சி, ஏற்ப்பாடு, மேற்க்கண்ட, கேட்க்க எல்லாம் தவறு. அதற்கு, முயற்சி, ஏற்பாடு, மேற்கண்ட, கேட்க என்பவையே சரி. ர், ய், ழ் ஆகியவற்றுக்குப் பின் வரலாம் (பார்க்க, காய்ச்சல், வாழ்க்கை). அந்தப் பழக்கம்தான் இங்கேயும் தொற்றிக்கொள்கிறது. ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவை அனுப்புவதற்கு முன், ற், ட் இரண்டை மட்டும் தேடி ஒருமுறை கண்ணை ஓட்டினால் பாதிப் பிழை போய்விடும். 'திங்கட்க்கிழமை' அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது இன எழுத்து. ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். வண்டி, கன்று, பந்தல் என்று மூன்றை நினைவில் வைத்தால் போதும். தமிழ்99 விசைப்பலகையில் ன-வை அடுத்து ற-வைத் தட்டினால் ன் தானாகவே புள்ளி பெறுவதும் இந்த இன உறவால்தான். ந பெரும்பாலும் சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும்தான் வரும். ஓட்டுநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர் ஆகியவற்றில் 'நர்' என்பது விகுதி, அதனால் அங்கே ந.

ல, ள குழப்பத்துக்கு ஒரு சோதனை உண்டு. அந்தச் சொல்லை இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பாருங்கள். ற் ஆக மாறினால் ல்: தொழில், தொழிற்சாலை. ட் ஆக மாறினால் ள்: ஆள், ஆட்கள், திங்கள், திங்கட்கிழமை. சோதனைக்கு வராத சொற்களுக்குத் துணைச்சொல் வேண்டும். விலைக்கு விலைவாசி, விளைக்கு விளைச்சல். அறைக்கு வகுப்பறை, அரைக்கு அரைக்கிலோ. பனிக்குப் பனிக்கட்டி, பணிக்குப் பணியாளர். 'பச்சைத் தேயிலைக்கு உரிய விளை வேண்டும்' என்று கோரிக்கை எழுதினால் படிப்பவர் புரிந்துகொள்வார் என்பது உண்மை. புரிந்துகொண்டு சிரிக்கவும் செய்வார்.

எல்லோரையும் பயமுறுத்துவது ஒற்று, அதாவது இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப். இதற்கு 'தேயிலை' என்ற ஒரு சொல்லே போதும். தேயிலைத் தோட்டம், தேயிலைக் கொழுந்து, தேயிலைத் தூள்: பின்னால் வருவது தேயிலையைச் சேர்ந்தது, ஒற்று வேண்டும். தேயிலை துளிர்த்தது: தேயிலைதான் எழுவாய், ஒற்று வராது. தேயிலை பறித்தார்: ஐ உருபு மறைந்திருக்கிறது, வராது. தேயிலையைப் பறித்தார்: ஐ வெளிப்பட்டுவிட்டது, கட்டாயம் வரும். தொழிற்சாலைக்குக் கொடுத்தார் என்பதில் 'கு' இருப்பதால் வரும். பறித்த கொழுந்தில் வராது, பறிக்கச் சொன்னதில் வரும். பச்சைத் தேயிலையில் வரும். சிறு தேயிலை விவசாயியில் வராது, சிறுகதை, சிறுதானியம் போல.

'து', 'டு', 'று' என்று முடியும் எச்சங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த எழுத்துக்கு முன்னால் த், ட், ற் என்ற வல்லின ஒற்று இருந்தால், அடுத்த சொல்லுக்கு முன் ஒற்று வரும்: பறித்துக் கொடுத்தார், கேட்டுப் பெற்றார், விற்றுத் தீர்த்தார். மற்றவற்றில் வராது: வந்து போனார், செய்து கொடுத்தார், நின்று பேசினார்.

ஒரு, ஓர் பற்றி நீட்டத் தேவையில்லை: ஒரு கிலோ, ஓர் ஏக்கர். பேருந்துகள் நிறுத்தப்பட்டன, நிறுத்தப்பட்டது அல்ல. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டையைப் புலவர்களிடமே விட்டுவிடலாம்.

ஒற்றுப் பிழையை ஓரளவு மன்னிக்கலாம், பெரும்பாலும் பொருள் புரிந்துவிடும். பனியைப் பணியாக்கும் எழுத்துப் பிழையை முதலில் திருத்துவதே முறை. நேரம் ஒருமுறை படிக்க மட்டுமே இருந்தால், அந்த ஒரு முறையை இதற்கே கொடுக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் தலைப்புகளில் இடம் போதாமல் 'தேயிலை தோட்டத்தில் சிறுத்தை', 'முதுமலை புலிகள் காப்பகம்' என்று ஒற்று விடுபடுகிறது. சில நேரம் வேண்டாத இடத்தில் முளைத்து 'யானைத் தாக்கி' என்றும் ஆகிறது. பள்ளிப் பிள்ளைகள் பாடநூலைவிடத் தலைப்பைப் பார்த்தே எழுதப் பழகுகிறார்கள். நீலகிரிச் செய்திகளின் தலைப்புகளிலாவது அந்தத் 'த்'தும் 'ப்'பும் உரிய இடத்தில் நிற்கட்டும். இடம் போதவில்லை என்றால் எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி