செயலாளர் ஆண்டறிக்கை: ஈ.சி. இதழ்ப் பட்டியல் பணி

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு ஒரே வேலைக்குச் சென்றது. அமெரிக்காவின் ஈ.சி. நிறுவனம் 1950 முதல் வெளியிட்ட திகில், அறிவியல் புனைகதை காமிக்ஸ்களுக்கான நம் பட்டியலைத் திருத்தினோம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பழைய பட்டியலில் இதழின் பெயரும் எண்ணும் மட்டுமே இருந்தன. ஈ.சி.க்கு அது போதவே போதாது. அங்கே புதிய இதழ் தொடங்கினால் அஞ்சல் சலுகைக்குத் தனியே அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க, நின்றுபோன இதழின் எண்ணையே புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். 'சேடில் ரொமான்சஸ்' 11உடன் நின்றதும் 'வியர்ட் சயின்ஸ்' 12இல் தொடங்கியது. 'எ மூன், எ கேர்ள்... ரொமான்ஸ்' என்ற காதல் இதழ் 13ஆம் எண்ணில் 'வியர்ட் ஃபேண்டஸி' ஆனது. 'கன்ஃபைட்டர்' 15இல் 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' ஆனது. பிறகு மூன்றையும் உண்மையான கணக்குக்குக் கொண்டுவந்தார்கள்: வியர்ட் சயின்ஸ் 15க்கு அடுத்து 5, வியர்ட் ஃபேண்டஸி 17க்கு அடுத்து 6, ஹான்ட் 17க்கு அடுத்து 4.

விளைவு, சயின்சில் 12 முதல் 15 வரை, ஃபேண்டஸியில் 13 முதல் 17 வரை, ஹான்ட்டில் 15 முதல் 17 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு இதழ்கள். 'வியர்ட் ஃபேண்டஸி 13' என்று மட்டும் குறித்தால், 1950இன் முதல் இதழா, 'ஹோம் டு ஸ்டே' வந்த 1952 மே-ஜூன் இதழா என்பது தெரியாது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளை அனுமதி பெறாமல் சேர்த்துச் செய்த கதை அது. தனக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் நயமாக நினைவூட்டி எழுதினார், பணம் போனது, அதன்பின் தழுவல்கள் அவர் பெயரோடு வந்தன. எனவே இனி ஒவ்வொரு பதிவிலும் மாதமும் ஆண்டும் கட்டாயம். உள்ளே சிறு எழுத்தில் இருக்கும் வெளியீட்டு விவரத்தைப் பார்த்தே எழுத வேண்டும், அட்டையைப் பார்த்து அல்ல.

படைப்பாளர் பகுதியையும் விரித்திருக்கிறோம். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸும் ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் கதைக்கரு பேசி முடித்ததும், ஃபெல்ட்ஸ்டைன் ஓவிய அட்டையிலேயே வசனத்தை எழுதுவார். அது லீராய் எழுத்துக் கருவியால் ஒரே சீராகப் பதிக்கப்பட்டபின்தான் அட்டை ஓவியர் கைக்குப் போகும். கட்டங்களில் எழுத்து அடைந்து கிடப்பதற்கு இதுவே காரணம். 1955இல் 'மாஸ்டர் ரேஸ்' கதைக்கு 6 பக்கம் ஒதுக்கப்பட்டது. ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் 12 கேட்டு 8 பெற்றார். எழுத்துப் பதித்த அட்டைகளை வெட்டி ஒட்டிக் கட்டங்களைப் பெருக்கினார். ஓவியர் ஜானி கிரெய்க் தன் கதைகளைத் தானே எழுதினார் என்பதைத் தனியே குறியுங்கள். வண்ணம் தந்த மேரி செவரின் பெயர் பல பதிவுகளில் விடுபட்டிருந்தது. இது நம் தவறு, திருத்திவிட்டோம்.

பாதுகாப்பு பற்றிச் சில. இன்றைய இதழுக்கான உறையில் 1950களின் இதழைத் திணிக்காதீர்கள், ஓரம் மடங்கிவிடும். 7¾ x 10½ அங்குல உறை வாங்குங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், மைலார் என்னும் பாலியெஸ்டர் உறை நல்லது. உறைக்குள் இதழின் பின்னால் வைக்கும் தாங்கு அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். செய்தித்தாள் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுக்கிறது. ஈரம் சேர்ந்தால் பின்கள் துருப்பிடித்து நடுத்தாளை அரிக்கும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். தயவுசெய்து பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். மூன்று ஓரமும் வெட்டுப்படும், அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

மறுபதிப்புக் கதைகளுக்கான இணைப்புக் குறிப்பு மட்டும் பாக்கி. 1953இல் வியர்ட் ஃபேண்டஸி 18இல் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே' கதை, 1956இல் 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' 33இல் மறுபடி வந்தது. விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று காமிக்ஸ் துறையின் தணிக்கையாளர் மறுத்தும், கெயின்ஸ் மாற்றாமல் அச்சிட்டார். இரு பதிவிலும் ஓவியர் ஜோ ஓர்லாண்டோவின் பெயர் வேண்டும். இப்போது முதலாவதில் மட்டுமே இருக்கிறது.

செயலாளர்