ஏழு வரை எண்ணத் தெரிந்த மொழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் நீ தொலைபேசியில் பேசியபோது, நீ இருக்கும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'பூர்வீகம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாய். நானும் யோசிக்காமல் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். 'சரி அப்பா' என்று நீ வைத்துவிட்டாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் சொன்னதில் பொய் கிடையாது, ஆனால் அதில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. படிவத்தை அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது என்று நீ சொன்னதால் இதை எழுதுகிறேன்.

அதே படிவத்தில் குடியுரிமை என்ற கட்டமும் இருப்பதாகச் சொன்னாய். புதிய நாட்டின் பெயரை அதில் எழுதப்போவதைச் சொன்னபோது உன் குரல் தாழ்ந்தது. அந்தத் தயக்கம் எனக்காக என்றால் விட்டுவிடு, அம்மா. குடியுரிமை ஓர் அரசுக்கும் உனக்கும் உள்ள சட்ட உறவு. அந்தச் சட்டமோ இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 1868-இல் வந்த பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தம், அந்த மண்ணில் பிறப்பதையே குடியுரிமைக்கு அடிப்படை ஆக்கியது. ஜெர்மனியின் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் யார் என்பதையே பார்த்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள்கூடப் பிறப்பால் வெளிநாட்டவராகவே இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில்தான், அதுவும் நிபந்தனைகளோடு, அங்கே பிறந்த இடத்துக்கும் மதிப்புக் கிடைத்தது. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 15-ஆம் பிரிவு, ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமையோடு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. உன் வாழ்க்கை அங்கே வேர் பிடித்திருக்கிறது. நீ எழுதப்போகும் பெயருக்கு என் முழுச் சம்மதம் உண்டு.

பூர்வீகம் என்ற கட்டம்தான் என்னை உறுத்துகிறது. என் பாட்டி, அதாவது உன் கொள்ளுப்பாட்டி, வீட்டில் நம் மொழியைத்தான் பேசினார். அவர் பேச்சில் வேற்று ஒலி எதுவும் தெரியாது. சில்லறை எண்ணும்போது மட்டும் மாறிவிடுவார். தரையில் உட்கார்ந்து, நாணயங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளியபடி, உதடு லேசாக அசைய, மூச்சுக்குள்ளேயே வேறு ஏதோ ஒரு மொழியில் எண்ணுவார். அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஏழு வரை எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் விருந்தினர் வந்திருந்தபோது, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதை உரக்கச் சொன்னேன். தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எட்டுக்கு என்ன சொல் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவே இல்லை. பாட்டியும் அன்றிலிருந்து என் முன்னால் காசு எண்ணியதில்லை.

அந்த மொழியின் பெயரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. பாட்டி எங்கிருந்து வந்தார், எந்தச் சூழ்நிலையில் தாத்தாவை மணந்தார் என்பதும் தெரியாது. நான் கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை அவர் உயிரோடு இருந்தார். ஒரு மாலைப்பொழுது அருகில் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பள்ளியிலும் வேலை விண்ணப்பத்திலும் பிறகு உனக்காக நான் நிரப்பிய படிவங்களிலும் அதே ஒற்றைச் சொல்லை எழுதினேன். தாத்தா மறைத்தார் என்று சொல்லி நான் நழுவிவிட முடியாது. அந்த மறைப்பை உன்வரைக்கும் சுமந்து வந்தவன் நான்தான்.

பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882-இல் பாரிஸில் ஆற்றிய ஓர் உரையில், தேசம் என்பது சேர்ந்து வாழும் விருப்பத்தை மக்கள் அன்றாடம் உறுதிசெய்யும் வாக்கெடுப்பு போன்றது என்றார். பலரும் எடுத்துச் சொல்வது அதைத்தான். அதே உரையில், ஒரு தேசம் உருவாவதற்கு மறதியும் தேவைப்படுகிறது என்றும் அவர் சொல்லியிருந்தார். அது நம் வீட்டைப் பார்த்துச் சொன்னது போலவே எனக்குத் தோன்றியது. ஒரே மொழி, ஒரே வழி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்கு ஒருவரை மறக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார். பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிமார் நால்வர், அவர்களுக்கு மேலே எண்மர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் வரும். உறவுக்குள் மணம் நடந்திருந்தால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களை நிரப்பியிருக்கலாம். இத்தனை பேரில், தந்தைக்குத் தந்தை என்று நாம் பிடித்துக்கொண்டு போகும் கோட்டில் வருபவர் ஒரே ஒருவர். 'நாங்கள் இன்னார் வழி' என்று சொல்லும்போது மற்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டுத்தான் சொல்கிறோம்.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்று நீ நினைக்கலாம். செய்து பார், தடுக்கமாட்டேன். ஆனால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிள்ளைக்கு வருவது பாதிப் பாதி. அந்தப் பாதியில் எவையெல்லாம் அடங்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதால், உனக்கும் உன் தம்பிக்கும் ஒரே விழுக்காடுகள் வராது. இன்று வாழும் மக்களிடமிருந்து திரட்டிய மாதிரிகளோடு ஒப்பிட்டு அவர்கள் தரும் மதிப்பீடு அது; மாதிரிகளை விரிவாக்கினால் அதே எச்சிலுக்கு விடை மாறும். பாட்டி எந்த மொழியில் காசு எண்ணினார் என்பதை அது சொல்லாது.

படிவங்கள் மனிதர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சோவியத் ஒன்றியத்தில் 1932-இல் வந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டில், குடியுரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, தேசிய இனம் தனியாக எழுதப்பட்டது. தாயும் தந்தையும் வேறு வேறு இனத்தவரானால், பிள்ளை பதினாறு வயதில் இருவரில் ஒருவருடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் எழுத வழியில்லை. எழுதுகோலைப் பிடித்தபடி அந்த மேசை முன் நின்ற பிள்ளையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எதை எழுதினாலும் மாலையில் வீட்டுக்குப் போய் இன்னொருவர் முகத்தில் விழிக்க வேண்டுமே.

போலந்தில் 1931-இல் கணக்கெடுத்தபோது, போலேசியே என்ற சதுப்புநிலப் பகுதியில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி 'இவ்விடத்து மொழி' என்றே பதிவானது. சிறுபான்மையினரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அது அரசுக்கு வசதியாக இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. அது உண்மையாக இருக்கலாம். ஆனாலும், இவ்விடத்தார் என்பதற்கு மேல் தமக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நினைக்காமலே வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர் என்பதையும் நான் நம்புகிறேன். கனடாவில் 1996-இல், பூர்வீகம் பற்றிய கேள்விக்குக் கீழே 'கனடியர்' என்பதையும் ஓர் உதாரணமாக அச்சிட்டார்கள்; அந்தக் கணக்கெடுப்பில் மிக அதிகம் பேர் எழுதிய விடை அதுவாகிப் போனது. யூகோஸ்லாவியாவில் 1981-இல் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், செர்பியர் என்றோ குரோவாசியர் என்றோ எழுதாமல், யூகோஸ்லாவியர் என்றே எழுதினார்கள். கலப்பு மணத்தில் பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த பத்தாண்டில் அந்த நாடே சிதறிவிட்டது. அதற்காக அவர்கள் எழுதியதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, மனம்போனபடி எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதும் சொல்லுக்குப் பின்னால், இவரால் எனக்கு வந்தது என்று நீ கைகாட்டக்கூடிய ஒரு மனிதராவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள், அதை எழுது. பாட்டிக்கு உரிய சொல் இன்னும் நம்மிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது அந்த ஏழு எண்களையும் சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்விட்டுச் சொல்லாததால் ஒலி திரிந்திருக்கலாம். ஐந்தும் ஆறும் இடம் மாறிவிட்டனவோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. பதிவு செய்துகொண்டு, மொழிகளைப் பற்றி அறிந்தவர்களிடம் போட்டுக் காட்டு. பெயர் தெரிந்தால் முதல் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுது. நாள் முடிவதற்குள் தெரியாவிட்டால், கட்டத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதிப் படிவத்தை அனுப்பிவிடு. தேடுவதை மட்டும் நிறுத்தாதே.

எட்டுக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று தெரிந்தால், அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா