வைத்தியர்களின் பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தபோது, உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பெண் சத்திரசிகிச்சை நிபுணர், தமது நான்கு வயது மகளை யாரிடம் விட்டுவிட்டுக் கடமைக்குப் போவது என்று தெரியாமல் தவித்ததை நேரில் கண்டவள் நான். கணவருக்குக் கொழும்பில் வேலை, அம்மம்மா யாழ்ப்பாணத்தில், பிள்ளையைப் பார்க்க வந்துபோன அக்காவுக்கும் மூதூரிலிருந்து வர வழியில்லை.

அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைக்கலாம். ஆனால், குடல்வால் அழற்சி முற்றியவருக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் வேறொரு நாள் தர முடியாது. நள்ளிரவில் தொலைபேசி அடித்தால், நித்திரையிலிருக்கும் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிவந்து என் கையில் தந்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் முற்றத்துக் குழாயடியில் உடுப்பைச் சவர்க்கார நீரில் ஊறவைத்துக் குளித்து முடிக்கும்வரை, எங்கள் கேற்றுக் கம்பிகளுக்கிடையே கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மகளிடம், தள்ளி நின்றே "சாப்பிட்டியா குஞ்சு?" என்று கேட்பார். என் கணவர் நீரிழிவு நோயாளி என்பதால், பிள்ளையை ஏற்ற ஒவ்வொரு முறையும் எனக்கும் பயம் இருந்தது. ஒரு நோயாளியின் உயிர், அயல்வீட்டாரின் மனத்துணிவில் தங்கியிருப்பது முறையல்ல.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 23 முதல் பாடசாலைகள் பொதுவாக மூடப்பட்டிருந்தபோதும், சுகாதாரப் பணியாளர் போன்றோரின் பிள்ளைகளுக்கு அவை திறந்திருந்தன. இடமாற்றத்தில் வரும் நிபுணர்கள் பலருக்கு உறவென்று ஒருவரும் இல்லாத நம் மாவட்டத்துக்கு அத்தகைய ஏற்பாடு இன்னும் அவசியமானது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் இதே அவதி திரும்பி வந்தது.

ஆகவே, அரச வைத்தியசாலைகளை அண்டி, இரவிலும் இயங்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை அமைத்து, ஊரடங்கிலும் அவற்றின் பணியாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் கிடைப்பதை மாவட்ட அனர்த்தத் திட்டத்திலேயே எழுதிவைக்குமாறு சுகாதார அதிகாரிகளை வேண்டுகிறேன். தாய்மாருக்கு மட்டுமன்றித் தந்தையருக்கும், தாதியருக்கும், சிற்றூழியருக்கும் அவை திறந்திருக்க வேண்டும். இப்பணியில் உதவ என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.