ஊறுகாய்க்காரிக்கு இதில் என்ன நஷ்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வணிகப் பக்கத்தில் இணையச் சமநிலை, அதாவது எந்த இணையதளத்துக்கும் சலுகையோ தடையோ இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்ட வேண்டும் என்பது, பற்றிய கட்டுரையில், ‘வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர்களுக்கு இந்தச் சண்டையில் ஒரு நஷ்டமும் இல்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதோடு சரி போலிருக்கிறது.

நான் 2014 முதல் ஸ்ரீரங்கத்தில் வடாமும் மாவடுவும் விற்கிறேன். மாடியில் வேட்டி விரித்துக் கூழ்வடாம் பிழிந்ததும், காக்கை வருவதற்குள் போனில் படம் எடுத்து என் இணையதளத்தில் போடுவேன். அதுதான் என் கடைவாசல். 2015-ல் நடந்தது உங்களுக்குத் தெரியாததா? தங்களுக்குப் பணம் கட்டும் கம்பெனிகளின் தளங்களை மட்டும் டேட்டா செலவில்லாமல் காட்டுகிறோம் என்று செல்போன் கம்பெனிக்காரர்கள் கிளம்பினார்கள். ஒரு ஜிபி 250 ரூபாய்க்கு விற்ற காலம். பெரிய இணையக் கடைக்குள் போக இலவசம், என் வடாமைப் பார்க்கக் காசு என்றால் யார் வருவார்கள்?

அந்தப் பெரிய கடையிலேயே விற்க வேண்டியதுதானே என்பீர்கள். ஆறு மாதம் விற்றும் பார்த்தேன். 200 ரூபாய் மாவடுவில் கமிஷன், அனுப்பும் செலவு என்று 70 ரூபாய் பிடித்தார்கள். ஜாடி உடைந்தால் அதுவும் என் தலையில்.

செல்போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று இந்தப் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை போட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம். இதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. அமெரிக்காவில் நீதிமன்றமே இணையச் சமநிலை விதியைத் தள்ளிவிட்டது என்பதை மட்டும் கொண்டாடுகிறார். 2025 ஜனவரியில் தள்ளியது, அங்குள்ள ஆணையத்துக்கு அப்படி விதி போட அதிகாரமில்லை என்றுதான்.

அதே பக்கத்தில் 28 நாள் ரீசார்ஜை ‘மாதக் கட்டணம்’ என்றே அச்சடிக்கிறீர்கள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு 12 மாதம்தான். போன சித்திரையில் என் மாவடுக் குறிப்பைப் பெயரில்லாமல் போட்டதை நான் பெரிதுபடுத்தவில்லை.

2015-ல் டிராய் முதலில் கருத்துக் கேட்டபோது குவிந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் ஒன்று என்னுடையது. அக்கா மகன் சொல்லி அனுப்பினேன். கடைசி நாள் ஏப்ரல் 24. உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தது 26-ம் தேதி. அடுத்த முறை கருத்துக் கேட்டால், நாள் முடிவதற்குள் முகவரியோடு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஊறுகாய் விற்கும் வாசகி,
ஸ்ரீரங்கம்