தேரி வேற, பாலை மணல் வேற: தோஹாவிலிருந்து மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்க நான் நல்ல சுகம். அக்கா, அத்தான், ஆச்சி எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

நீ அனுப்புன சேதியில ரெண்டு கேள்வி இருந்துச்சு. பாலைவன டூர் வண்டி ஓட்டுறவனுக்கு என்ன வேலை, நம்ம இட்டமொழித் தேரிச் செம்மணல்ல டிராக்டரும் ஜீப்பும் ஓட்டிப் பழகுனவனுக்கு அது லேசா வருமா. போன்ல சொன்னா அரைகுறையாப் போயிரும்னுதான் எழுத உக்காந்தேன். உனக்கு மணல்னா பயம் கிடையாது, அது நல்லது. ஆனா தேரிப் பழக்கத்துல பாதி இங்க கை கொடுக்கும், பாதி காலை வாரிவிடும். எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தா நல்லது.

முதல்ல இடம். கத்தார்ல தோஹாவுக்குத் தெக்க ஒரு மணி நேர ஓட்டம், மெசயீத் ஊரைத் தாண்டுனா சீலைன் கடற்கரை. அங்கேருந்து தெக்க சவூதி எல்லை வரைக்கும் மணல்மேடுதான். கடைசியில கோர் அல் அதெய்து. ஒடுக்கமான ஒரு வாய்க்கால் வழியா கடல் பத்து கிலோமீட்டர் போல உள்ள புகுந்து, மணல் மலைகளுக்கு நடுவுல பெரிய ஏரி மாதிரி விரிஞ்சு கிடக்கும், உள்கடல்னு சொல்லுவோம். அக்கரையில தெரியுறது சவூதி. யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல 2008லேயே ஏறுன இடம். மணப்பாட்டுக் குன்னுக்குக் கீழ கழியும் கடலும் மணலும் ஒட்டிக் கிடக்குமே, அதை நூறு மடங்கு பெருக்கி, பனையையும் கோயிலையும் எடுத்துட்டுப் பாரு. விருந்தாளிங்க காசு கொடுத்து வாரது இதைப் பாக்கத்தான். மத்தியானம் ஓட்டல்ல ஏத்தி, மணல்ல முக்கால் மணி நேரம் ஏத்தி இறக்கி, உள்கடல் கரையில பொழுது சாயுத வரைக்கும் நிறுத்தி, இருட்டுறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து சேக்கணும்.

இனி மணல். நம்ம தேரி மண்ணு இரும்புத் துரு ஏறுன செம்மண்ணு. மழை பெய்ஞ்சா இறுகும். பனையும் உடைமரமும் வேர் விட்டுப் பிடிச்சு வச்சிருக்கு. போன வருஷம் போன தடம் இந்த வருஷமும் கிடக்கும். இங்க பிடிச்சு வைக்க ஒரு வேரும் கிடையாது. ஷமால்னு வடமேக்குலேருந்து அடிக்கிற காத்து மேடுகளையே நகத்திக்கிட்டு இருக்கும். வருஷத்துக்குப் பல மீட்டர் நகரும். அதனால ஞாபகத்தை நம்பி ஒரு முகட்டைத் தாண்டக் கூடாது. போன வாரம் சரிவா இருந்த இடம் இந்த வாரம் செங்குத்தா உடைஞ்சு நிக்கும்.

மேட்டோட உருவத்தைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. பிறை மாதிரி இருக்கும். காத்து வார வடமேக்குப் பக்கம் சாய்வு கம்மி, மணல் இறுக்கம், மேல அலை அலையா வரி ஓடியிருக்கும். வண்டி அதுல தாராளமா ஏறும். தென்கிழக்குப் பக்கம் முகட்டுலேருந்து மணல் சரிஞ்சு விழுத முகம். முப்பது டிகிரிக்கு மேல செங்குத்து, பொதபொதன்னு இருக்கும். கொம்பு ரெண்டும் காத்து போற திசையைக் காட்டும். சீலைன்லேருந்து உள்கடலுக்குப் போகும்போது காத்தோட போறோம்: இறுகுன பக்கம் ஏறி, பொதபொத பக்கம் இறங்கலாம். திரும்பும்போது அந்தச் சரிவு முகமெல்லாம் நம்மைப் பாத்து நிக்கும். அதுல எந்த வண்டியும் ஏறாது. எவ்வளவு பெரிய என்ஜின் போட்டாலும் அதே இடத்துல குழி தோண்டும். மேடுகளுக்கு நடுவுல உள்ள சந்து வழியாவும் தட்டைத் தரை வழியாவும் வளைஞ்சுதான் வரணும். போற வழி வேற, வார வழி வேற. புதுசா வாரவன் இதை மறந்துட்டு, போன தடத்துலயே திரும்பப் பாப்பான். பொழுது இறங்குன நேரத்துல மாட்டிக்கிடுவான்.

மணல் நேரத்துக்கு நேரம் மாறும். விடியக்காலம் பனி விழுந்து கொஞ்சம் இறுகியிருக்கும். மத்தியான வெயில்ல காஞ்சு மாவு மாதிரி ஆயிரும். உச்சி வெயில்ல நிழலே விழாது, முன்னால பள்ளம் இருக்கா மேடு இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. சூரியன் சாஞ்ச பிறகுதான் மணல் தன் உருவத்தைக் காட்டும். மாலை ட்ரிப்புதான் நல்லதுன்னு சொல்லுறதுக்கு அழகு மட்டும் காரணமில்ல.

இப்ப டயர் காத்து. இதை நீ ரெண்டு தடவை படி. ரோட்டுல டயருக்கு 32, 35 பாயிண்ட் இருக்கும். மணல்ல இறங்குறதுக்கு முன்னால 15க்கு இறக்கணும். பாரம் கூட இருந்தா 18. காத்து இறங்குனா டயர் நீளவாக்குல படிஞ்சு உக்காரும். ரெண்டரை டன் வண்டியோட பாரம் பெரிய பரப்புல பரவும், டயர் மணலை வெட்டாம மேல மிதக்கும். தேரியில டிராக்டர் பெரிய டயரால செய்யுததை இங்க நாம காத்தை இறக்கிச் செய்யுதோம். வண்டி புதையுதுன்னு சொல்லுறவனைக் கேட்டா பத்துக்கு எட்டுப் பேர் காத்தை ஒழுங்கா இறக்கியிருக்க மாட்டான்.

அதுலயும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மணி நேரம் தார் ரோட்டுல ஓடி வந்த டயர் சூடா இருக்கும், காத்து நாலு பாயிண்ட் கூடக் காட்டும். சூட்டோட 15 வச்சுட்டு, கரையில ரெண்டு மணி நேரம் நின்னு ஆறுன பிறகு பாத்தா 12தான் இருக்கும். கிளம்புறதுக்கு முன்னால மறுபடி கேஜ் வச்சுப் பாக்கணும். 12ல ஓட்டலாம், ஆனா ஸ்டியரிங்கை வெட்டி ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். 10க்குக் கீழ இறக்குறது புதைஞ்ச வண்டியை எடுக்கத்தான், எடுத்த உடனே ஏத்திரணும். காத்து குறைச்ச வண்டியைத் தார் ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டவே கூடாது. டயரோட பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிச்சிரும். திரும்பி வந்து கம்ப்ரசரை என்ஜின் ஓடுறபோதே நேரா பேட்டரியில மாட்டி ஏத்தணும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல மாட்டுறது சின்ன வண்டிக்குத்தான், இந்த டயருக்கு பியூஸ் போயிரும். நாலு டயருக்கும் இருபது நிமிஷம் ஒதுக்கிக்கிடு.

ஓட்டுறதுக்கு வாரேன். மணல்ல இறங்கும்போதே நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டிரணும். வழுக்கலைத் தடுக்குற கண்ட்ரோலை அணைச்சிரணும். அது சக்கரம் சுத்துறதைப் பாத்து என்ஜின் பலத்தை அறுத்துரும். மேட்டு நடுவுல பலம் போனா அங்கேயே நிப்பே. ஏறுறதுக்குத் தேவையான வேகத்தை அடிவாரத்துலயே எடுத்துக்கிடணும், நடுவுல மிதிச்சா சக்கரம் தோண்டும். முகடு நெருங்கும்போது காலைத் தளத்தணும், மூக்கு மேல வந்து எட்டிப் பாக்குற அளவு வேகம்தான் மிஞ்சணும். அதிகமா வந்தா பறந்து மூக்குக் குத்தும், கம்மியா வந்தா வயிறு முகட்டுல உக்காந்து நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்தும். ஏற முடியலைன்னா வளைக்காதே. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ரிவர்ஸ் போட்டு, பிரேக்கை மெதுவா விட்டு, வந்த தடத்துலயே நேரா கீழ இறங்கு. பாதி மேட்டுல வண்டியைத் திருப்புனவன்தான் உருண்டவன்.

இறங்குறதும் நேரா. சின்ன கியர், பிரேக்குல கால் படக் கூடாது. பின்பக்கம் விலகுனா லேசா ஆக்சிலேட்டர் கொடுத்தா நேராகும், பிரேக் மிதிச்சா குறுக்க வந்திரும். சாய்வுல குறுக்க ஓடும்போது வண்டி கீழ சறுக்குனா, பயத்துல ஸ்டியரிங்கை மேல திருப்பத் தோணும். திருப்புனா கவிழும். கீழ்ப்பக்கமாத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதி. நிறுத்தும்போதும் பிரேக் அடிக்காதே. சக்கரத்துக்கு முன்னால மணல் குவிஞ்சு, திரும்ப எடுக்கும்போது அதுவே தடையா நிக்கும். தானா உருண்டு நிக்கட்டும், மூக்கு இறக்கத்தைப் பாத்து நிக்கட்டும்.

கூட்டமாப் போகும்போது ஒரு மேட்டுல ஒரு வண்டிதான். முன்னால போனவன் வாக்கி டாக்கியில தடம் காலின்னு சொல்லுத வரைக்கும் பின்னால உள்ளவன் அடியில நிக்கணும். முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு தெரியாது. அதுக்குத்தான் ஒவ்வொரு வண்டியிலயும் உயரமான கம்பியில சிவப்புக் கொடி. கண்ணாடியில பின்வண்டி தெரியலைன்னா நீ நில்லு. அனுபவம் உள்ளவன் முதல்லயும் கடைசியிலயும் வரணும். தனி வண்டியா உள்ள போறது எந்த டிரைவருக்கும் கூடாது.

புதைஞ்சா செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். முதல்ல காலை எடு. இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா ஆக்சில் வரைக்கும் போயிரும். ஆளுங்களை இறக்கு, பாரம் குறையும். மண்வெட்டியால சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும், முக்கியமா வயித்துக்குக் கீழ உள்ள மணலை வாரு. காத்தை இன்னும் ரெண்டு மூணு பாயிண்ட் இறக்கு. வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுத்துப் பாரு. பெரும்பாலும் இதுலயே வந்திரும். வரலைன்னா சக்கரத்துக்கடியில மணல் பலகை. அதுக்கும் பிறகுதான் கயிறு. கயிறுன்னா நைலான்ல நீண்டு சுருங்குற கயிறு, ஒன்பது மீட்டர் போல நீளம். சங்கிலியும் கம்பிவடமும் இதுக்கு ஆகாது. வண்டி சேசிஸ்ல இழுக்கன்னே வச்ச கொக்கியில மட்டும் மாட்டணும். டிரெய்லர் மாட்டுத குண்டுல ஒருக்காலும் மாட்டாதே. அது பிஞ்சா குண்டு மாதிரியே பறக்கும், நின்னவன் உயிர் போயிரும். கயிறு மேல ஒரு கனத்த துணியைப் போட்டு, கயிறு நீளத்துல ஒண்ணரை மடங்கு தள்ளி எல்லாரையும் நிறுத்து. விருந்தாளி போட்டோ எடுக்க கிட்ட வருவாங்க, விடவே கூடாது.

டயர் ரிம்மை விட்டுக் கழண்டா ஜாக்கி மணலுக்குள்ள இறங்கும். ரெண்டடிக்கு ஒரு தடிப்பலகை எப்பவும் வண்டியில இருக்கணும். தூக்கி, ரிம் விளிம்புல உள்ள மணலைச் சுத்தமாத் துடைச்சு, சோப்புத் தண்ணி தடவி, பட்டையை டயரைச் சுத்திக் கட்டி இறுக்கி, கம்ப்ரசரால காத்து அடிச்சா டப்புன்னு உக்காரும். ஒரு மணல் துகள் இருந்தாலும் காத்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

கடற்கரைதான் நம்ம ஆளுங்க ஏமாறுத இடம். உவரிக் கரையில ஓட்டுன மாதிரி நினைச்சுருவாங்க. ஏத்தம் வந்த கோட்டுக்கும் இப்ப தண்ணி நிக்குத கோட்டுக்கும் நடுவுல ஈரமா இறுகுன பட்டையில ஓட்டலாம். அலை நக்குத இடத்துல நிறுத்துனா சக்கரத்தைச் சுத்தித் தண்ணி மணலை அரிச்சு நிமிஷத்துல இறங்கிரும். ஏத்த வத்த நேரத்தை காலையிலயே பாத்து எழுதி வச்சுக்கிடணும். அதைவிட மோசம் சப்கா. உப்பு பொரிஞ்சு காஞ்ச தரை மாதிரி தட்டையா, வெள்ளையா, ஓட்டச் சொல்லிக் கூப்பிடுத மாதிரி கிடக்கும். மேல ரெண்டு விரல் கனத்துக்கு ஓடு, அடியில களி. உடைஞ்சா ஆக்சில் வரைக்கும் போகும், கயிறு போட வார வண்டியும் சேந்து போகும். பழைய தடத்தை விட்டு ஒரு முழம் விலகக் கூடாது. வண்டி ஓடி அழிஞ்ச சப்கா பழையபடி ஆக வருஷக்கணக்கு ஆகும்.

வடக்க புவைரித் கரையில அழுங்காமை முட்டையிட வரும். ஏப்ரல் தொடங்கி அந்த மாசங்கள்ல கரையை மூடிருவாங்க. நம்ம கரைக்கும் பங்குனி ஆமை வருதுல்ல, அதனால உனக்குச் சொல்லவே வேண்டாம்: சக்கரம் ஏறுன மணலுக்கடியில முட்டை நசுங்கும், தடத்துக் குழியில குஞ்சு விழுந்து கடல் சேராது. இங்க கத்துக்கிட்டு ஊருக்கு வந்து குட்டத்துக் கரையிலயும் தேரியிலயும் இந்த டூர் தொடங்கலாம்னு எழுதியிருந்தே. வேண்டாம் மருமகனே. இங்க காத்து ஒரே ராத்திரியில தடத்தை அழிச்சிரும். தேரியைப் பிடிச்சு வச்சிருக்குத வேரை அறுத்துட்டா ஆடிக்காத்துல மண்ணு கிளம்பி ஊருக்குள்ள வந்திரும்.

விருந்தாளிகளைப் பத்தி. ஏறுறதுக்கு முன்னாலயே கேக்கணும்: கர்ப்பம், முதுகு வலி, கழுத்து வலி, இதய ஆபரேஷன். இருந்தா மணல்ல ஏத்தக் கூடாது, கரையோரமாத் தட்டைத் தடத்துல கூட்டிப் போ. கைக்குழந்தைக்கும் அப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிட்டவங்களை முன்சீட்டுல உக்கார வச்சு தூரத்தைப் பாக்கச் சொல்லு. பெல்ட் போடாம ஒரு சக்கரம் நகரக் கூடாது. 'இன்னும் வேகம், இன்னும் உயரம்'னு கேப்பாங்க. எவ்வளவு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் டிரைவர். ஆளுக்கு அஞ்சு லிட்டர் தண்ணி, அரை நாள் ட்ரிப்பா இருந்தாலும். ஜூன் 1லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலை 10 மணியிலேருந்து 3.30 வரைக்கும் வெட்டவெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு, அந்த வெயிலை நீயே கணக்குப் போட்டுக்கோ. நல்ல சீசன் நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்.

வண்டி சூடு ஏறுனா மூக்கைக் காத்துக்கு எதிரா நிறுத்தி, பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓட விட்டே ஆற வை. ரேடியேட்டர் மூடியில கை வைக்காதே. ஏர் பில்டரை மணல் ட்ரிப் முடிஞ்ச ஒவ்வொரு தடவையும் கழட்டித் தட்டணும். உப்புத் தண்ணி பட்ட வண்டியை அன்னைக்கு ராத்திரியே அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவணும். மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா பிரேக்கும் பேரிங்கும் துருப்பிடிச்சு நிக்கும்.

நீ வாரதா இருந்தா, நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது, இங்க டெஸ்ட்ல தேறணும். அதுக்குள்ள அங்கேயே ஒரு வேலை செய். அத்தான் ஜீப்பை வீட்டுக்குப் பின்னால உள்ள மணல்ல நிறுத்தி, பலகை வச்சு ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாத்திப் பழகு. இருட்டுல, டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு, பதினஞ்சு நிமிஷத்துல முடிக்கிற வரைக்கும் பழகு. பஞ்சர் கடை அண்ணாச்சிகிட்ட உக்காந்து டியூப்லெஸ் டயருக்கு பஞ்சர் போடக் கத்துக்கோ. நல்ல காத்து கேஜ் ஒண்ணு வாங்கி, அவர் கேஜோட ஒத்துப் பாத்து வச்சுக்கோ.

பாஸ்போர்ட், லைசென்ஸ் ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளி, சனி ட்ரிப் ஓயாது. ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடு.

அன்புடன்,
மாமா