மனோகர் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஆர்.எஸ். மனோகர் நூற்றாண்டை ஒட்டி நூலக மாடியில் நாம் வைத்த கண்காட்சி இரண்டு நாளும் நல்லபடியாக நடந்து முடிந்தது. என் ஒருவனால் ஆன காரியம் இல்லை என்பதால் இந்த மடல்.

சினிமா வில்லன் மனோகரை எல்லோருக்கும் தெரியும். 1951இல் 'ராஜாம்பாள்' படத்தில் கதாநாயகனாக வந்தவர் என்றால்தான் புருவம் உயரும். எனக்குக் காட்ட ஆசை, நேஷனல் தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவின் முதலாளி மனோகரை. படத்தில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்ட மனிதர். ராவணனை நாயகனாக்கிய 'இலங்கேஸ்வரன்' மட்டுமே 1,800 முறைக்கு மேல் மேடையேறியது. அத்தனை முறையும் படுதா, தட்டி, கிரீடம் எல்லாம் ஏறி இறங்கியாக வேண்டும். சம்பளம் பட்டுவாடா ஆக வேண்டும். அப்புறம் அவரே வேஷமும் கட்ட வேண்டும். நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

அவர் நாடகம் என்றாலே தந்திரக் காட்சிதான். அதைப் பலகையில் எழுதி எப்படிப் புரியவைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கிக் கடை அண்ணன் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொசுவலை கேட்டு வாங்கி வந்து கட்டினார். முன்னால் விளக்கு போட்டால் வலை சுவராகத் தெரிகிறது. அதை அணைத்துப் பின்னால் போட்டதும், உள்ளே நிற்கிற ஆள் திடீரென்று முளைக்கிறான். பழைய மேடை வித்தைதான். பிள்ளைகள் நகரவே இல்லை, பெரியவர்களும்தான். நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய பலகைகள் பக்கம் யாரும் போகவில்லை. சரி, போகட்டும்.

அதிலும் ஒன்றில் பிறந்த ஊர் சேலம் என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா காதோடு, "நாமக்கல் தம்பி" என்றார். அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தது என்று சமாளித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். பிழை பொறுத்த அவருக்குத் தனி நன்றி.

நூலகர் அம்மாவுக்கும், பெஞ்சு தூக்கிய கல்லூரித் தம்பிகளுக்கும், காசு வாங்க மறுத்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

துருப்பிடித்த குண்டூசியோடு பழைய நாடக நோட்டீஸ் தந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். குண்டூசியைக்கூடக் கழற்றவில்லை.

கொசுவலை அக்கா மட்டும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். துவைத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் காயவில்லை.