வாடகைக்கு விடாத வீட்டுக்கு வாடகைக் கணக்கு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஒரே வீட்டுக்கு இரண்டு வரியா?' என்று சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் கேட்டிருந்தார். நானும் அப்படிக் கேட்டவன்தான். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவரை வீடு, தண்ணீர் எல்லாம் நிர்வாகத்தின் பாடு. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போட்டு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிய பிறகுதான் கடித உறைகள் வரத் தொடங்கின.

சுக்காய் தானா, அதாவது நிலவரி, மண்ணுக்கு. அதை ஆண்டுக்கு ஒருமுறை, மே 31க்குள் நில அலுவலகத்தில் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் அதைக் கட்டச் சொல்லி 6A பாரம் வரும். அதற்கும் அசையாவிட்டால் நிலமே அரசுக்குப் போய்விடலாம். சுக்காய் பிந்து, அதாவது வீட்டின் மதிப்பீட்டு வரி, நகராண்மைக் கழகத்துக்கு, பிப்ரவரி கடைசி, ஆகஸ்டு கடைசி என இரண்டு தவணை.

இந்த இரண்டாவதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்குமோ அதுவே அதன் ஆண்டு மதிப்பு. சொந்தக்காரரே குடியிருந்தாலும் இதே கணக்குதான். (ஜொகூரில் மட்டும் வீட்டின் விலையை வைத்துப் பார்க்கிறார்கள்.) மாதம் 650 ரிங்கிட் என்று மதிப்பிட்டால் ஆண்டுக்கு 7,800. விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 468 ரிங்கிட்.

வீடுகளின் இந்த மதிப்பைக் குறிக்கும் மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அதைத் தள்ளிப்போடவும் இடம் உண்டு. அதனால் வரி பல காலம் அசையாமல் கிடந்து, திடீரென்று ஏறும். அப்படிப் புதுப் பட்டியல் வந்தபோது எனக்கு வந்த மலாய் அறிவிப்பை பில் என்று நினைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் செக்ரோல் (தொழிலாளர் பேர்ப்பதிவு) எழுதிய ஆள்! பள்ளி விடுமுறைக்கு வந்த பேத்திதான் எடுத்துப் படித்து, "தாத்தா, இது பில் இல்ல, ஆட்சேபம் சொல்லலாம்னு போட்டிருக்கு" என்றாள்.

பட்டியலின் மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பே ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். 'என்னால் கட்ட முடியாது' என்று எழுதிப் பயனில்லை. மதிப்பு தவறு என்று காட்ட வேண்டும். எங்கள் வரிசையில் யார் யார் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போனேன். மாத மதிப்பு 650இலிருந்து 600க்கு இறங்கியது. மேலே சொன்ன விகிதத்தில் ஆண்டுக்கு 36 ரிங்கிட் மிச்சம், ஒரு கேஸ் தோங் (சிலிண்டர்) வாங்கலாம். பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டியவர்களுக்கு இப்படி இறங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கட்டடம் பெருத்தால் மதிப்பும் பெருக்கும்.

விலக்கு பற்றி ஊரில் பல கதை உலவுகிறது. வயதானவர் என்பதற்காகத் தானாக வரும் விலக்கு அந்தச் சட்டத்தில் கிடையாது. வரியைக் குறைப்பதும் தள்ளுபடி செய்வதும் மாநில அரசின் விருப்பம், ஆகவே நகராண்மைக் கழக முகப்பில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கோயிலுக்கும் அதே நிலைதான். பொது வழிபாட்டுக்கு மட்டும், லாப நோக்கமின்றி நடக்கும் இடத்துக்கு விலக்குத் தரலாம் என்றுதான் இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கோயில் கமிட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருக்க ஏற்ற வீட்டை நியாயமான வாடகைக்கு ஆள் தேடியும் கிடைக்காமல் ஒரு மாதத்துக்கு மேல் காலியாக வைத்திருந்தால், அந்தக் காலத்துக்குரிய வரியைத் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு.

இன்னொன்று. நில அலுவலகத்தில் கெரான் (நிலப் பட்டா) பெயர் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிட்டதாக நினைக்கிறோம். வீடு கைமாறினால் மூன்று மாதத்துக்குள் நகராண்மைக் கழகத்துக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். அதுவரை விற்றவர் பெயரிலேயே பில் வரும், பொறுப்பும் அவருக்கே. எங்கள் தாமானில் இறந்துபோன அப்பாக்கள் பெயரில் இன்றும் பில் வரும் வீடுகள் இருக்கின்றன.

அடுத்த முறை எந்த ஊரிலாவது புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானால், ஆட்சேபத்துக்கான கடைசித் தேதியைத் தங்கள் நாளிதழ் தமிழில் பெரிதாகப் போட வேண்டுகிறேன். கோயில் அறிவிப்புப் பலகையில் அதை வெட்டி ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பேராக்